பிலிப்பைன்ஸை என்ன செய்வது? 1898-இல் மெக்கின்லி முன் இருந்த வழிகள்

1899 நவம்பரில் மெதடிஸ்ட் திருச்சபைப் பிரமுகர்கள் சிலர் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி வில்லியம் மெக்கின்லியைச் சந்தித்துவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்லி, பிலிப்பைன்ஸ் விஷயத்தில் தான் எப்படி முடிவுக்கு வந்தேன் என்பதை அவர் விளக்கினாராம். பல இரவுகள் தூக்கமில்லாமல் நடந்தாராம், மண்டியிட்டு ஜெபித்தாராம், கடைசியில் ஓர் இரவு தெளிவு பிறந்ததாம். ஸ்பெயினிடமே திருப்பிக் கொடுப்பது கோழைத்தனம். பிரான்ஸுக்கோ ஜெர்மனிக்கோ கொடுக்கலாம் என்றால் இருவரும் கிழக்கில் அமெரிக்காவின் வியாபாரப் போட்டியாளர்கள், ஆகவே அது கெட்ட வியாபாரம். பிலிப்பினோக்களிடமே விட்டுவிடலாம் என்றால் அவர்களுக்கு ஆளத் தெரியாது, அராஜகம்தான் மிஞ்சும். எனவே மொத்தத் தீவுக்கூட்டத்தையும் எடுத்துக்கொண்டு, அந்த மக்களைப் படிக்க வைத்து, நாகரிகப்படுத்தி, கிறிஸ்தவர்களாக்குவதைத் தவிர வேறு வழியே இல்லை.

இந்தப் பேச்சு அச்சில் வந்தது 1903-இல், மெக்கின்லி சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு. அதனால் வார்த்தைக்கு வார்த்தை அவர் சொன்னதுதானா என்று வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம் உண்டு. கிறிஸ்தவர்களாக்கும் வேலையைப் பொறுத்தவரை, அங்கே பெரும்பாலானவர்கள் முந்நூறு வருஷங்களாகவே கத்தோலிக்கர்கள். அதை விடுவோம். அந்தப் பட்டியலை நான் இங்கே எடுப்பதற்குக் காரணம் வேறு. அன்றைய முடிவை நியாயப்படுத்துகிறவர்கள் இன்றுவரை இதே நான்கு வழிகளைத்தான் வரிசையாகச் சொல்கிறார்கள். முதல் மூன்றும் அடைபட்ட கதவுகள், நான்காவதுதான் திறந்திருந்தது என்பது வாதம். ஆனால் 1898 அக்டோபரில் மேஜைமேல் இன்னும் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்றை அவருடைய சொந்தத் தூதுக்குழுவே பேசியது. இன்னொன்றைப் பிலிப்பினோக்களே வாஷிங்டனுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்து, அன்று தெரிந்திருந்த தகவல்களை வைத்தே எடைபோட்டுப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

அக்டோபருக்கு முன்னால் நடந்தவை

கியூபா விஷயமாக ஸ்பெயினோடு ஆரம்பித்த போர், முதல் பெரிய சண்டையை உலகத்தின் மறுபக்கத்தில் கண்டது. 1898 மே 1 காலையில் கமடோர் ஜார்ஜ் டூயியின் கப்பல்கள் மணிலா வளைகுடாவில் ஸ்பானியக் கடற்படையைச் சில மணி நேரத்தில் அழித்தன. அமெரிக்கத் தரப்பில் இறந்தவர் ஒரே ஒருவர், அதுவும் குண்டு பட்டு அல்ல. மணிலாவிலிருந்து ஹாங்காங் போகும் தந்திக் கம்பியை டூயி அறுத்துவிட்டதால், அவருடைய அறிக்கை கப்பலில் ஹாங்காங் போய், அங்கிருந்து தந்தியாக மே 7-ஆம் தேதிதான் வாஷிங்டனுக்குக் கிடைத்தது. அதற்குள்ளேயே மெக்கின்லி தரைப்படையை அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தார்.

இந்த இடம் முக்கியம். கப்பற்படை ஜெயித்தால் திரும்பி வரலாம். பதினோராயிரம் சிப்பாய்களை இறக்கிவிட்டால் திரும்பி வருவதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும்.

இதற்கிடையே ஹாங்காங்கில் தங்கியிருந்த புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோவை அமெரிக்கக் கப்பலிலேயே ஏற்றி மே 19 அன்று கவிட்டேயில் இறக்கினார்கள். சில வாரங்களில் அவருடைய ஆட்கள் மணிலாவைச் சுற்றியுள்ள மாகாணங்களைப் பிடித்து, நகரத்தைச் சுற்றிப் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்துவிட்டார்கள். ஜூன் 12 அன்று கவிட் என்ற ஊரில் சுதந்திரப் பிரகடனம். அதில் அமெரிக்காவை வலிமையும் மனிதநேயமும் கொண்ட தேசம் என்று புகழ்ந்திருக்கிறார்கள். புதிய கொடியின் நீலம், சிவப்பு, வெள்ளை நிறங்கள் அமெரிக்கக் கொடிக்கு நன்றிக்கடனாக வைக்கப்பட்டவை என்றும் அந்த ஆவணமே சொல்கிறது.

ஆகஸ்ட் 13 அன்று மணிலா விழுந்த விதம் ஒரு நாடகம். ஸ்பானிய கவர்னர் ஜெனரலுக்குச் சண்டையில்லாமல் சரணடைந்தால் ராணுவ மானம் போய்விடும் என்ற கவலை. பிலிப்பினோக்களிடம் சரணடையவும் பயம். பெல்ஜியத் தூதர் நடுவில் நின்று பேசி முடித்தார்: அமெரிக்கர்கள் கொஞ்சம் சுட வேண்டும், ஸ்பானியர்கள் கொஞ்சம் திருப்பிச் சுட வேண்டும், அப்புறம் வெள்ளைக்கொடி. கட்டாய நிபந்தனை ஒன்று இருந்தது. மாதக்கணக்கில் முற்றுகையிட்ட பிலிப்பினோப் படை மதிலுக்குள் நுழையக் கூடாது. இதில் இன்னொரு வேடிக்கை, போர்நிறுத்த ஒப்பந்தம் ஆகஸ்ட் 12 அன்றே வாஷிங்டனில் கையெழுத்தாகிவிட்டது. தந்தி அறுந்து கிடந்ததால் அந்தச் செய்தி மணிலாவுக்குத் தெரியாது. ஆகவே சட்டப்படி பார்த்தால், போர் முடிந்த மறுநாள் பிடித்த நகரம் அது. பின்னால் பாரிஸில் நடந்த சமாதானப் பேச்சுவார்த்தையில் ஸ்பானியர்கள் இதை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் ஜெயித்தவன் தோற்றவனுக்கு 2 கோடி டாலர் கொடுக்க வேண்டி வந்தது.

சரி, இனி வழிகளுக்கு வருவோம்.

ஸ்பெயினிடம் திருப்பிக் கொடுப்பது, அல்லது பேசாமல் கிளம்பிவிடுவது

பணக் கணக்கில் இதுதான் மிக மலிவு. கியூபாவுக்காகத்தான் போர், பிலிப்பைன்ஸ் போர்க்களத்தில் ஒரு திருப்பம் மட்டும், வேலை முடிந்தது என்று கிளம்பியிருக்கலாம். செனட்டர் ஜார்ஜ் கிரே பாரிஸ் தூதுக்குழுவில் இருந்துகொண்டே, எந்தத் தீவையும் எடுக்கக் கூடாது என்று தனியாகத் தந்தி அனுப்பினார். இத்தனை நாள் கடைப்பிடித்த கொள்கையைக் கைவிட்டு ஐரோப்பியச் சண்டைகளில் போய் மாட்டிக்கொள்வோம் என்பது அவர் வாதத்தின் சாரம். (அதே கிரே பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார், செனட்டில் ஆதரித்து ஓட்டும் போட்டார். அவருக்குக் கூட்டாட்சி நீதிபதிப் பதவி கிடைத்ததையும் சொல்லத்தான் வேண்டும்.)

ஆனால் திருப்பிக் கொடுப்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல். ஸ்பெயினால் அதை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. 1898 இலையுதிர்காலத்தில், மணிலா இருக்கும் லூசான் தீவின் பெரும்பகுதி புரட்சிக்காரர்கள் கையில் இருந்தது. ஆயிரக்கணக்கான ஸ்பானியச் சிப்பாய்களும் பாதிரிமார்களும் அவர்களிடம் கைதிகள். திருப்பிக் கொடுப்பது என்றால், ஸ்பெயின் மறுபடி படை அனுப்பி மறுபடி ரத்தம் சிந்தட்டும் என்று வழிவிடுவது. கோழைத்தனம் என்று மெக்கின்லி சொன்னதாக வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இந்த ஒரு கதவு நிஜமாகவே அடைபட்டதுதான்.

டூயி மே மாதமே கிளம்பியிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். எங்கே போவது? பிரிட்டன் நடுநிலை அறிவித்து ஹாங்காங்கிலிருந்து அவரை வெளியேறச் சொல்லிவிட்டது. ஆசியக் கரையில் அமெரிக்காவுக்குச் சொந்தமாக நிலக்கரி நிரப்ப ஒரு துறைமுகம்கூடக் கிடையாது. மணிலா வளைகுடாவை விட்டால் பசிபிக் கடலைத் தாண்டி வீடு திரும்ப வேண்டியதுதான். அன்றைய நீராவிக் கப்பலுக்கு நிலக்கரிதான் சோறு. இந்த நிலக்கரிப் பிரச்சினையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு வல்லரசிடம் தள்ளிவிடுவது

இதை யாரும் தீவிரமாக முன்வைக்கவில்லை, ஆனால் பயமுறுத்தப் பயன்படுத்தினார்கள். பயத்துக்கு அடிப்படை இருந்தது. ஜெர்மன் வைஸ் அட்மிரல் ஓட்டோ பான் டீடெரிக்ஸ், டூயியின் படைக்குச் சமமான கப்பல்களோடு மணிலா வளைகுடாவில் வந்து நின்று டூயியின் பொறுமையைச் சோதித்தார். அதற்கு முந்தைய ஒரு வருஷத்துக்குள் ஜெர்மனி சீனத்தில் கியாவ்சாவ் வளைகுடாவைப் பிடித்தது, ரஷ்யா போர்ட் ஆர்தரை எடுத்தது, பிரிட்டனும் பிரான்ஸும் ஆளுக்கொரு துண்டு எடுத்தன. 1899-இல் ஸ்பெயின் தன்னிடம் மிஞ்சியிருந்த கரோலின், மரியானா தீவுகளை ஜெர்மனிக்கு இரண்டரைக் கோடி பெசேத்தாவுக்கு விற்றேவிட்டது. விற்பவர் தயார், வாங்குபவரும் தயார். ஜப்பானும் தன் பங்குக்கு, அமெரிக்கா வைத்துக்கொண்டால் சம்மதம், இல்லையென்றால் சேர்ந்து ஆளவும் தயார் என்று செப்டம்பரிலேயே தெரிவித்திருந்தது.

ஆகவே ‘சும்மா விட்டால் யாராவது எடுத்துக்கொள்வார்கள்’ என்ற வாதம் வெறும் பூச்சாண்டி இல்லை. ஆனால் அந்த வாதம் எதை நிரூபிக்கிறது? சும்மா விடக் கூடாது என்பதை மட்டும். அமெரிக்காவே ஆள வேண்டும் என்பதை அது நிரூபிக்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசியதில்தான் அன்றைய விவாதம் வழிதவறியது என்று நினைக்கிறேன்.

லூசான் மட்டும் போதும்

இது மெக்கின்லியின் சொந்த யோசனை. 1898 செப்டம்பர் 16 அன்று பாரிஸ் கிளம்பிய தூதுக்குழுவுக்கு அவர் கொடுத்த எழுத்துமூல உத்தரவு: லூசான் தீவுக்குக் குறைவாக எதையும் ஏற்கக் கூடாது. மற்றத் தீவுகளைப் பற்றி வியாபார உரிமை பேசினால் போதும். ஆறு வாரத்தில் இது மாறிவிட்டது.

லூசான் திட்டத்தின் கவர்ச்சி புரிகிறது. மணிலா கிடைக்கிறது, அதாவது சீன வியாபாரத்துக்கு வாசல், கப்பற்படைக்கு நிலக்கரி. தெற்கே மிண்டனாவோ, சூலு முஸ்லிம் பகுதிகளின் தலைவலி இல்லை. ஸ்பெயின்கூட அவற்றை முழுதாக அடக்கியது கிடையாது.

இதைக் கவிழ்த்தவர் கடற்படை அதிகாரி ஆர். பி. பிராட்போர்டு. அவர் பாரிஸில் தூதுக்குழு முன்னால் சாட்சி சொன்னார். தீவுகள் ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருக்கம், அடுத்த தீவில் எதிரி உட்கார்ந்தால் இந்தத் தீவைக் காக்க முடியாது, பாதியை எடுப்பது ராணுவ ரீதியில் மடத்தனம் என்பது அவர் வாதம். பூகோளப்படி சரியான வாதம்தான். ஆனால் அது ஒரு கடற்படைக்காரரின் கேள்விக்கான பதில். ஒரு துறைமுகத்தைக் காக்க எத்தனை தீவு வேண்டும் என்று கேட்டால், ‘மிச்சம் எல்லாமும்’ என்றுதான் எந்தக் கடற்படையும் சொல்லும். ஹாங்காங்கை வைத்துக்கொள்ள பிரிட்டன் சீனா முழுவதையும் எடுக்கவில்லை.

அன்று நிலக்கரிக்கு மணிலாவே வேண்டும் என்றுகூட இல்லை. ஜூலை 7 அன்று ஹவாய் இணைப்பில் மெக்கின்லி கையெழுத்திட்டிருந்தார். குவாம் ஜூனிலேயே கைக்கு வந்திருந்தது. அந்தக் கதை சுவையானது. சார்ல்ஸ்டன் என்ற போர்க்கப்பல் குவாம் துறைமுகத்துக்குள் நுழைந்து கோட்டையைப் பார்த்துச் சுட்டது. பதில் குண்டு வரவில்லை. ஒரு படகில் ஸ்பானிய அதிகாரிகள் வந்து, மரியாதை வேட்டுக்குப் பதில் வேட்டுப் போட எங்களிடம் வெடிமருந்து இல்லை, மன்னிக்கவும் என்றார்கள். போர் நடப்பதே அவர்களுக்குத் தெரியாது. மறுநாள் தீவு சரணடைந்தது. ஹவாய், குவாம் என்று பசிபிக்கில் படிக்கட்டு ஏற்கெனவே அமைந்துவிட்டது. கடைசிப் படியாக மணிலாவிலோ சுபிக்கிலோ ஒரு வளைகுடா போதும். அதற்கு ஒரு தீவு முழுவதும் தேவைப்படவில்லை.

மொத்தமும்

அக்டோபர் 25 அன்று தூதுக்குழு தனித்தனிக் கருத்துகளைத் தந்தியில் அனுப்பியது. டேவிஸ், பிரை, ரீட் மூவரும் மொத்தமும் என்றார்கள். தலைவர் வில்லியம் டே ஒரு பகுதி போதும் என்றார். கிரே எதுவும் வேண்டாம் என்றார். மறுநாள் வெளியுறவு மந்திரி ஜான் ஹேயின் பதில் போனது: மொத்தத் தீவுக்கூட்டம் அல்லது ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்பது ஏற்க முடியாதது, எனவே மொத்தமும்.

செப்டம்பர் 16-க்கும் அக்டோபர் 26-க்கும் நடுவில் என்ன நடந்தது? பிராட்போர்டின் சாட்சியம் ஒன்று. அதைவிடப் பெரியது, அக்டோபரில் மெக்கின்லி மத்திய மேற்கு மாநிலங்களில் ரயிலில் சுற்றியது. நவம்பர் 8 அன்று நாடாளுமன்றத் தேர்தல். ஒமாஹாவிலும் மற்ற ஊர்களிலும் அவர் கொடி, கடமை, விதி என்று பேசும்போது கூட்டம் எங்கே கைதட்டுகிறது என்று கவனித்தார். பின்வாங்கும் பேச்சுக்குக் கைதட்டல் குறைவு. அவர் கெட்டவர் என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். தேர்தல் அரசியல்வாதிக்கு இது ஒரு தகவல். ஆனால் மண்டியிட்ட இரவுகளை விட இந்த ரயில் பயணம்தான் முடிவில் அதிகம் பங்கு வகித்திருக்கும் என்பது என் ஊகம்.

மொத்தத்தையும் எடுப்பதில் நிஜமான அனுகூலங்கள் இருந்தன. வேறு வல்லரசு நுழைய இடமில்லை. அமெரிக்க வாக்காளருக்குப் புரிகிற எளிய முடிவு. ஸ்பெயின் ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் கொடுத்துவிடும். டிசம்பர் 10 அன்று பாரிஸில் அப்படியே கையெழுத்தானது.

சிக்கல் என்னவென்றால், ஸ்பெயின் கொடுத்த பொருள் ஸ்பெயினிடம் இல்லை. மணிலா நகரத்தையும் இன்னும் சில ஊர்களையும் தவிர மிச்சத்தில் ஸ்பானிய ஆட்சி நடக்கவில்லை. அனுபவத்தில் வேறொருவர் இருக்கிற நிலத்துக்குப் பழைய சொந்தக்காரரிடம் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்ட கதைதான். பத்திரம் செல்லும், குடியிருப்பவரைக் கிளப்புவது தனி வேலை.

கிளப்பும் வேலையின் விலை அன்று தெரியவில்லை என்று சொல்வார்கள். முழு விலை தெரியவில்லை, சரி. ஆனால் பதுங்குகுழியில் துப்பாக்கியோடு ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்திருப்பது டூயிக்கும் தளபதிகளுக்கும் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. 1898 டிசம்பர் 21 அன்று, செனட் ஒப்பந்தத்தைத் தொடுவதற்கு முன்பே, மெக்கின்லி தீவுக்கூட்டம் முழுவதற்கும் அமெரிக்க ஆட்சியை அறிவித்தார். மணிலாவில் ஜெனரல் ஓட்டிஸ் அது சண்டை மூட்டும் என்று பயந்து, காரமான வரிகளை நீக்கிவிட்டு மென்மையாக ஒன்றை வெளியிட்டார். இலோய்லோவில் இருந்த இன்னொரு ஜெனரலோ மூலப் பிரதியை அப்படியே வெளியிட்டுவிட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்த அகினால்டோவுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஜனவரியில் எதிர் அறிக்கை, பிப்ரவரி 4 இரவு மணிலா ஓரத்தில் முதல் துப்பாக்கிச் சத்தம். இரண்டு நாள் கழித்து செனட் 57-க்கு 27 என்று ஒப்பந்தத்தை ஏற்றது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேலே ஒரே ஓட்டு.

அதன்பின் மூன்று வருஷத்துக்கு மேல் போர். அமெரிக்கா 1.25 லட்சம் சிப்பாய்களை மாற்றி மாற்றி அனுப்பியது. அவர்களில் 4,200 பேர் இறந்தார்கள். பிலிப்பினோப் போராளிகள் சுமார் 20,000 பேர். குண்டு, பஞ்சம், காலரா எல்லாம் சேர்ந்து பலிகொண்ட சாதாரண மக்கள் குறைந்தது 2 லட்சம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பலங்கிகாவில் 48 அமெரிக்கச் சிப்பாய்கள் கொல்லப்பட்டதற்குப் பதிலாக, சமார் தீவில் பத்து வயதுக்கு மேற்பட்ட யாரையும் விட வேண்டாம் என்று ஜெனரல் ஜேக்கப் ஸ்மித் உத்தரவிட்டார். ராணுவ நீதிமன்றம் அவரைக் கண்டித்தது, பிறகு ஓய்வில் அனுப்பினார்கள், அவ்வளவுதான். பத்தங்காஸ் மாகாணத்தில் கிராம மக்களை முகாம்களுக்குள் அடைத்தார்கள். கியூபாவில் ஸ்பானிய ஜெனரல் வெய்லர் இதையே செய்தபோது அவரைக் கசாப்புக்காரன் என்று எழுதிய பத்திரிகைகள் நிறைந்த நாடு அது. அந்தக் கோபமும் சேர்ந்துதான் போருக்கே போனார்கள்.

பள்ளிக்கூடங்கள் வந்தன என்பதும் உண்மை. 1901-இல் தாமஸ் என்ற கப்பலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க ஆசிரியர்கள் வந்து இறங்கினார்கள். ஸ்பானியத் துறவிகளின் நிலத்தை 70 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கினார்கள். 1907-இல் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் வந்தது. அன்றைய ஆசியக் காலனிகளோடு ஒப்பிட்டால் அது சீக்கிரம்தான். ஆனால் இதையெல்லாம் மொத்தத்தையும் எடுத்ததன் லாபம் என்று கணக்கெழுதுமுன், 1898 செப்டம்பரிலேயே மலோலோஸ் நகரத்து பராசோயின் தேவாலயத்தில் பிலிப்பினோ காங்கிரஸ் கூடி அரசியல் சட்டம் எழுதிக்கொண்டிருந்ததைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

ராணுவ அனுகூலம்? அதுவும் நிலைக்கவில்லை. தீவுகளை எடுப்பதற்கு முன்னணியில் நின்று கத்தியவர்களில் ஒருவர் தியடோர் ரூஸ்வெல்ட். 1907-இல், ஜனாதிபதியாக இருக்கும்போது, அந்தத் தீவுகள்தான் நம்முடைய மிகப் பலவீனமான இடம் என்று தன் போர் மந்திரி டாஃப்டுக்கு எழுதினார். ஜப்பான் வந்தால் காக்க முடியாது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. 1942-இல் பத்தானில் அதுதான் நடந்தது.

சுதந்திரம், பாதுகாப்பு, ஒரு துறைமுகம்

மெக்கின்லியின் பட்டியலில் ‘அவர்களிடமே விட்டுவிடுவது’ என்று ஒரே வரியில் முடிந்துபோன வழி இதுதான். ஆனால் ‘விட்டுவிடுவது’ வேறு, இது வேறு. குடியரசை அங்கீகரிப்பது, வேறு வல்லரசு கைவைத்தால் அமெரிக்கக் கடற்படை குறுக்கே நிற்கும் என்று அறிவிப்பது, பதிலுக்கு ஒரு வளைகுடாவைக் குத்தகைக்கு எடுப்பது.

இதை ஏற்க அந்தப் பக்கம் ஆள் இருந்ததா? இருந்தது. அகினால்டோவின் தூதர் பெலிப்பே அகொன்சில்லோ அக்டோபர் 1 அன்று வெள்ளை மாளிகையிலேயே மெக்கின்லியைப் பார்த்தார். மரியாதையாகக் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள். பாரிஸ் போனார், பேச்சுவார்த்தை அறைக்குள் விடவில்லை. 1899 ஜனவரியில் மணிலாவில் ஓட்டிஸின் ஆட்களோடு பேசிய பிலிப்பினோப் பிரதிநிதிகள், அமெரிக்கப் பாதுகாப்பின் கீழ் சுதந்திரம் என்ற அளவுக்கு இறங்கி வந்தார்கள். ஓட்டிஸுக்கு எதையும் ஒப்புக்கொள்ள அதிகாரம் இல்லை.

அவர்களுக்கு ஆளத் தெரியாது என்பதற்கு மெக்கின்லியிடம் என்ன சாட்சி? அவருடைய சொந்தத் தளபதி டூயி ஜூன் மாதத்திலேயே தந்தியடித்திருந்தார்: இந்த மக்கள் கியூபர்களை விட அறிவிலும் தன்னாட்சித் திறனிலும் மேல், இரண்டு பேரையும் எனக்குத் தெரியும் என்று. அந்தக் கியூபாவை இணைத்துக்கொள்ள மாட்டோம் என்று ஏப்ரலிலேயே டெல்லர் தீர்மானத்தில் காங்கிரஸ் சட்டமாக எழுதிவிட்டது. ஆக, கியூபாவுக்குச் சுதந்திரம், அதைவிடத் தகுதியுள்ளவர்கள் என்று தளபதி சொன்ன நாட்டுக்கு அடிமைச்சாசனம். இந்த முரண்பாட்டுக்கு மெக்கின்லி தரப்பு நேரடியாகப் பதில் சொல்லவே இல்லை.

இந்த வழியின் குறைகளை மறைக்கக் கூடாது. கியூபாவையே பாருங்கள். 1901-இல் பிளாட் திருத்தம் என்று ஒன்றைக் கியூபாவின் அரசியல் சட்டத்துக்குள் திணித்தார்கள். அமெரிக்கா வேண்டும்போது தலையிடலாம், கடன் வாங்கவும் ஒப்பந்தம் போடவும் கட்டுப்பாடு, கடற்படைத் தளத்துக்கு நிலம் கொடுக்க வேண்டும். அங்கே கவர்னராக இருந்த லியனார்ட் வுட் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், இந்தத் திருத்தத்தின் கீழ் கியூபாவுக்கு மிஞ்சியிருக்கும் சுதந்திரம் கொஞ்சமோ இல்லையோதான் என்று ஒத்துக்கொண்டார். குவாண்டனாமோ 1903-இல் போனது போனதுதான். 1906-இல் மறுபடி படை இறங்கி 1909 வரை இருந்தது. பிலிப்பைன்ஸுக்கும் இதே கதி வந்திருக்கும். ஆனாலும், பிளாட் திருத்தத்தை வெறுத்த கியூபரும் சமார், பத்தங்காஸ் பக்கம் நடந்ததைப் பார்த்தால் இடம் மாற்றிக்கொள்ள மாட்டார்.

உள்நாட்டு ஒற்றுமையும் சந்தேகம்தான். நெக்ரோஸ் தீவின் சர்க்கரைத் தோட்டச் சீமான்கள் அகினால்டோவை நம்பாமல் தனிக் குடியரசு அறிவித்து, பிறகு அமெரிக்காவோடு சேர்ந்துகொண்டார்கள். சூலு சுல்தானுக்கு மலோலோஸ் அரசு யாரோ. குடியரசின் சிறந்த தளபதி அந்தோனியோ லூனாவை 1899 ஜூனில் சொந்தப் படையினரே வெட்டிக் கொன்றார்கள். குடியரசு பிழைத்திருக்கும் என்று நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன். உள்ளுக்குள் ஒரு சண்டை, ஒரு பிரிவினை எல்லாம் நடந்திருக்கலாம். லத்தீன் அமெரிக்காவில் நடக்காததா?

அமெரிக்காவுக்குள் இதற்கு ஆதரவு திரட்ட முடிந்திருக்குமா என்பதுதான் கடினமான கேள்வி. பாஸ்டனில் 1898 நவம்பரில் ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கம் தொடங்கியது. மார்க் ட்வைன், எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி, தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் கோம்பர்ஸ், முன்னாள் ஜனாதிபதி குரோவர் கிளீவ்லேண்டு என்று வேறெதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒன்றாக இருந்தார்கள். பலம் அதுதான், பலவீனமும் அதுவே. செனட்டர் ஜார்ஜ் ஹோர் ஆளப்படுபவரின் சம்மதம் பற்றிப் பேசினார். தென் மாநில செனட்டர்களில் பலர் இன்னும் லட்சக்கணக்கான வெள்ளையரல்லாதவர்களை நாட்டுக்குள் சேர்க்காதீர்கள் என்றார்கள். கோம்பர்ஸுக்கு மலிவுக் கூலிக்காரர்கள் வந்துவிடுவார்கள் என்ற பயம். இணைப்பை எதிர்த்தவர்கள் எல்லாரும் பிலிப்பினோக்களின் நண்பர்கள் என்று எழுதினால் அது பொய்.

இருந்தும் நூலிழையில்தான் தவறியது. பின்னாளில் சுதந்திரம் தருவோம் என்று வாக்குக் கொடுக்கும் பேகன் தீர்மானம் 1899 பிப்ரவரி 14 அன்று செனட்டில் 29-க்கு 29 என்று சமமாக நின்றது. துணை ஜனாதிபதி ஹோபார்ட் எதிர்த்து ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தார். ஜனநாயகக் கட்சித் தலைவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் தன் கட்சி செனட்டர்களை ஒப்பந்தத்துக்கு எதிராக நிற்கச் சொல்லியிருந்தால் ஒப்பந்தமே விழுந்திருக்கலாம். முதலில் ஸ்பெயினிடமிருந்து வாங்கிவிடுவோம், பிறகு சுதந்திரம் கொடுப்போம் என்று கணக்குப் போட்டு ஆதரிக்கச் சொன்னார். 1900 ஜனாதிபதித் தேர்தலில் மெக்கின்லியிடம் தோற்றார். இவ்வளவு இழுபறியில் இருந்த செனட்டிடம் ஒரு ஜனாதிபதியே குத்தகை ஒப்பந்தத்தைக் கொண்டுபோயிருந்தால் நிறைவேறியிருக்காது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

என் தராசில்

செலவு, உயிர், வல்லரசு ஆபத்து, துறைமுகம், அங்கே வாழ்ந்த எழுபது லட்சம் பேரின் விருப்பம் என்று ஐந்தையும் வைத்துப் பார்த்தால், திருப்பிக் கொடுப்பதும் வேறொருவரிடம் தள்ளுவதும் முதலிலேயே விழுந்துவிடும். லூசான் மட்டும் என்பது பாதிப் போரையாவது தவிர்த்திருக்கும் என்று தோன்றலாம், ஆனால் அகினால்டோவின் பலமே லூசானில்தான், அதனால் மிச்சம் பெரிதாக இல்லை. மொத்தமும் என்பது வல்லரசு ஆபத்து ஒன்றில் மட்டும் முழு மதிப்பெண் வாங்குகிறது. பாதுகாப்போடு கூடிய சுதந்திரம் எதிலும் முழு மதிப்பெண் வாங்கவில்லை, எதிலும் பூஜ்யமும் இல்லை. அன்று கையில் இருந்த தந்திகளை மட்டும் வைத்து நான் அதைத்தான் எடுத்திருப்பேன். அக்டோபரில் சொல்லியிருந்தால்கூடத் தாமதமில்லை, டிசம்பர் 21 அறிவிப்புக்குப் பிறகுதான் கதவு சாத்தப்பட்டது.

அந்த ஒப்பந்தம் கடைசியில் கையெழுத்தாகத்தான் செய்தது. 1946 ஜூலை 4 அன்று பிலிப்பைன்ஸ் சுதந்திரம் பெற்றது. அடுத்த மார்ச்சில் கிளார்க் விமானத் தளம், சுபிக் வளைகுடா உள்ளிட்ட இடங்களை 99 வருஷத்துக்கு அமெரிக்காவுக்குக் கொடுக்கும் ராணுவத் தள ஒப்பந்தம் போடப்பட்டது. 1966-இல் காலம் குறைக்கப்பட்டது. 1991 செப்டம்பர் 16 அன்று புதிய ஒப்பந்தத்தைப் பிலிப்பைன்ஸ் செனட் 12-க்கு 11 என்று நிராகரித்தது. மறுவருஷம் கடைசி அமெரிக்கக் கப்பலும் சுபிக்கை விட்டுக் கிளம்பியது.